மிளகைச் சோதிக்கும் கைகளுக்கு

கொச்சியின் மட்டாஞ்சேரிக் கடைவீதிகளில் குழந்தைகளுக்கான பவுடரும் எண்ணெயும் சோப்பும் கண்மையும் விற்று வரும் தமிழ் வணிகப் பெருமக்களுக்கு,



மூட்டையில் குத்தூசியைச் செருகி, அதன் வழியே விழுந்த மிளகு மணிகளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, முகர்ந்து, ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்து, லிட்டர் எடை 550 கிராமுக்குக் குறைகிறதா என்று அளந்து அறிந்த பிறகே விலை பேசத் தொடங்கும் பஜார் ரோட்டு மிளகு வணிகப் பரம்பரை வாழும் ஊரில் நீங்கள் கடை வைத்திருக்கிறீர்கள். அந்த மிளகை உண்ணப் போகிறவன் கடல் கடந்த தேசத்தில் இருக்கும், முகம் அறியாத, பல் முளைத்து வளர்ந்த மனிதன். அவன் பொருட்டு இத்தனை பரீட்சைகள் நடக்கும் இதே ஊரில், பிறந்து பத்து நாளே ஆன ஒரு சிசுவின் மேனியில் நாளைக் காலையில் பூசப்படப் போகும் டப்பாவை, அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு முறையேனும் திருப்பிப் பாராமல் அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்து விடுகிறீர்களே, இது தகுமா என்று உங்களிடம் நேரில் கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

வைத்தியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் எழுத வேண்டியதை எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் நினைக்கக் கூடும். பிரசவம் முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு வைத்தியர் மாதத்துக்கு ஒரு நாள்தான் காணக் கிடைக்கிறார். அதிகாரியை அவள் ஆயுளில் ஒரு நாளும் காண்பதில்லை. குழந்தையின் கழுத்து மடிப்பில் செம்மை கண்டாலும், தலையில் பொடுகுபோல் செதில் கட்டினாலும், அவளுடைய தாயாரோ மாமியாரோ முதலில் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில்தான். பெட்டியின் மேல் அச்சிட்ட ஆங்கில எழுத்துகளை அவர்களால் வாசிக்க இயலாது, வாசித்தாலும் விளங்காது. ஆகையால் அவர்கள் பெட்டியை நம்பி வாங்குவதில்லை; உங்களை நம்பியே வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

என் வீட்டில் நடந்ததைச் சொல்லி விடுகிறேன். பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளின் குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் தொடை இடுக்கில் தடிப்பு உண்டாயிற்று. எங்களுக்குப் பல ஆண்டு பழக்கமான ஒரு கடைக்குச் சென்று நிலைமையைச் சொன்னேன். “எல்லாரும் இதைத்தான் கொண்டு போகிறார்கள், அம்மா; இரண்டே நாளில் கேட்கும்” என்று கடைக்காரர் ஒரு சிறிய டியூபை எடுத்துக் கொடுத்தார். அவர் சொன்னபடியே இரண்டு நாளில் செம்மை மறைந்தது. பூசுவதை நிறுத்தியதும் திரும்பி வந்தது. ஆகவே நிறுத்தாமல் வாரக்கணக்கில் பூசி வந்தோம். குழந்தையின் கன்னங்கள் உருண்டு திரண்டன. பார்த்தவர்கள் எல்லாரும் கொழுகொழுவென்று இருக்கிறாளே என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். கண் பட்டுவிடும் என்று நான் திருஷ்டிப் பொட்டு இட்டேன். தடுப்பூசிக்குப் போன இடத்தில் வைத்தியர் குழந்தையின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டார். அந்த டியூபில் இருந்தது வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு. அது சிசுவின் மெல்லிய சருமத்தின் வழியே இரத்தத்தில் கலந்து, உடல் தானே சுரக்க வேண்டிய சுரப்பை அடக்கி, முகத்தில் அந்த வீக்கத்தை உண்டாக்கியிருந்தது. நாங்கள் ஆரோக்கியம் என்று கொண்டாடியது நோய். சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து என்பதால், வைத்தியரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைத்து அவளை மீட்டோம்.

அந்தக் கடைக்காரர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர்; தமக்கு வேண்டிய குடும்பத்துக்கு நன்மை செய்வதாகவே அவர் நினைத்தார். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை வைத்தியர் சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்று மத்திய அரசு 2018-ஆம் ஆண்டிலேயே விதித்திருப்பதை அவர் அறிந்திருந்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. கேட்காமல் வாங்கிய குற்றம் எனக்கும் உண்டு. எல்லாரும் இதைத்தான் கொண்டு போகிறார்கள் என்னும் அந்த ஒரு வாக்கியம் மட்டும் என் நெஞ்சை விட்டு அகலாமல், இன்று உங்களுக்கு எழுதும்படி என்னை உந்துகிறது.

நீங்கள் கணக்கு அறிந்தவர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். 3 கிலோ எடையுள்ள சிசுவின் சருமத்தின் பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர். 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கு அது ஏறத்தாழ 1.6 சதுர மீட்டர். எடை ஒன்றுக்கு எவ்வளவு பரப்பு என்று வகுத்துப் பார்த்தால் சிசுவுக்கு இரண்டரை மடங்கு வருகிறது. மேனி முழுதும் எதைப் பூசினாலும், அதில் உள்ளே இறங்கும் பங்கை அந்தச் சிற்றுடல் அத்தனை மடங்கு அதிகமாகத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதே அதன் பொருள். குறைப்பிரசவக் குழந்தையாயின், மேல்தோலின் காப்பு அடுக்கு முதிராத நிலையில் பாரம் இன்னும் மிகும். டயப்பர் கட்டிய இடத்தில் ஈரமும் வெப்பமும் மூடி நிற்பதால், பூசிய திரவியம் வெளியே போக வழியின்றி உள்ளே இறங்கும். பிறந்த குழந்தையின் சருமம் தனக்கு வேண்டிய இயல்பான அமிலத் தன்மையைச் சில வாரங்களில்தான் அடைகிறது. காரம் மிகுந்த சோப்பால் நாள்தோறும் தேய்த்தால் அது நிலைபெறத் தாமதமாகிறது. பெரியவர்களுக்குப் பழுதில்லாதது குழந்தைக்கும் பழுதில்லாதது என்று சொல்லும் வழக்கம் இந்தக் கணக்கின் முன் நிற்காது.

இது வெறும் அச்சம் என்று ஒதுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் ‘மொராஞ்ஜ்’ என்னும் குழந்தைப் பவுடரின் ஒரு தொகுதியில், கிருமி கொல்லும் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற திரவியம் தவறுதலாக நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் கலந்துவிட்டது. தாய்மார்கள் அன்போடு அதைத் தூவினார்கள். 204 குழந்தைகள் நரம்பு நோய்க்கு உள்ளாயின. அவற்றுள் 36 இறந்தன. அந்தத் திரவியம் கலந்த சோப்பின் உறையில் ‘குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாகாது’ என்னும் எச்சரிக்கை இருந்தாக வேண்டும் என்று நம் நாட்டு விதி கூறுகிறது. மடிந்த சிசுக்களின் நினைவு அந்தச் சிறு வாக்கியத்துக்குள் இருக்கிறது. அதை வாசிப்பார் இல்லையென்றால் அது அச்சிட்ட மையாகவே நின்றுவிடும்.

தூரத்து தேசத்தை விட்டு நம் கேரளத்துக்கே வருகிறேன். மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கலில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக வைத்தியர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த, ஒரே விதமான சிறுநீரக நோயுள்ள 22 பேரை ஆராய்ந்ததில், 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருப்பதைக் கண்டார்கள். அந்தப் பதினைவரில் 13 பேர் வெளுப்பூட்டும் கிரீம்களைப் பூசி வந்தவர்கள் என்பதும், அக்கிரீம்களில் பாதரசம் இருந்ததும் தெரிய வந்தன. மாநிலத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் சோதனைகளைத் தொடங்கியது. 2025-இல் வெளியான முடிவுகளில், சில அழகுப் பொருள்களில் அனுமதித்த அளவைப்போல் 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்ததாக அறிவித்தது. அந்தக் கிரீமைப் பெரிய பெண்கள்தானே பூசுகிறார்கள், சிசுவுக்கு என்ன சம்பந்தம் என்பீர்கள். அதைப் பூசிய கன்னத்தோடுதான் தாய் குழந்தையை அணைத்துக்கொள்கிறாள்; அது துடைத்த துண்டிலும் தலையணையிலும்தான் குழந்தை உறங்குகிறது; அதன் ஆவி அதே அறையில்தான் பரவுகிறது. உற்பத்தியாளன் பெயரில்லாத ஒரு வெளுப்புக் கிரீமைத் தாய்க்கு விற்பவர், அவளுடைய சிசுவுக்கும் விற்றவரே ஆகிறார்.

கண்மையையும் சுர்மாவையும் பற்றிச் சொல்லும்போது என் மனம் தயங்குகிறது. ஏனெனில் அவை நம் தாய்மாரின் கைவழி வந்தவை. குழந்தையின் புருவத்தில் இழுத்த மையும் நெற்றியில் வைத்த கறும்புள்ளியும் அன்பின் அடையாளங்கள். வீட்டில் விளக்குச் சுடரில் எடுத்த மையை விட்டுவிட்டு இன்று கடையில் வாங்கும் பெயரற்ற டப்பாவில் என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி. பல இடத்துச் சுர்மாவில் பளபளக்கும் பொடியாக இருப்பது ஈயத்தின் தாது. குழந்தை கண்ணைக் கசக்கி அதே விரலை வாயில் வைக்கிறது. ஈயம் வயிற்றின் வழியே மூளையை அடைகிறது. குழந்தையின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதகமற்ற அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. விஷத்தைக் கைவிடச் சொல்கிறேன்.

அரசாங்கம் பரிசோதித்துத்தானே சந்தைக்கு விடுகிறது என்று சிலர் ஆறுதல் கூறக் கேட்டிருக்கிறேன். மகாராஷ்டிரத்தில் 2018-இல் எடுத்த ஜான்சன் குழந்தைப் பவுடரின் மாதிரிகளில் காரத் தன்மை வரம்பை மீறியது என்ற காரணத்தால், உற்பத்தி உரிமத்தை ரத்து செய்யும் உத்தரவு 2022 செப்டம்பரில்தான் பிறந்தது. 2023 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்து செய்து, நேர்ந்த தாமதத்தையும் கண்டித்தது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்தின் காரியம். நான் அதில் நுழையவில்லை. 2018-இல் அந்தத் தொகுதியை விரும்பித் தூவிய தாயின் குழந்தை, தீர்ப்பு வந்தபோது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும் என்பதை மட்டுமே உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன். சட்டத்தின் கண் கூர்மையானதாயினும் மெல்லத் திறப்பது. உங்கள் கண் அன்றாடம் அலமாரியின் முன்னே திறந்திருப்பது.

ஒரு மாத்திரை அட்டையை விற்க உரிமம் வேண்டும். சிசுவின் மேனியில் பூசும் லோஷனை விற்கக் கடைக்காரருக்கு அத்தகைய உரிமம் தேவையில்லை. இந்தச் சௌகரியத்தைச் சட்டம் உங்களுக்கு அளித்ததனால், உங்கள் மனச்சாட்சியே அங்கே உரிமமாக நின்றாக வேண்டியிருக்கிறது. ஆனாலும் பொறுப்பைச் சட்டம் உங்களிடமிருந்து நீக்கிவிடவில்லை: 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுப் பொருள் சட்டத்தின்படி போலியான அல்லது கலப்படமான அழகுப் பொருளை விற்பதும் குற்றமே, அதற்கு மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. தண்டனையைக் காட்டி அச்சுறுத்துவது என் நோக்கமன்று. அச்சத்தால் சுத்தமாகும் அலமாரி அச்சம் தீர்ந்ததும் பழையபடி ஆகிவிடும்.

எதை அஞ்ச வேண்டும், எதை அஞ்ச வேண்டாம் என்பதிலும் நாம் நியாயம் தவறக் கூடாது. ரசாயனம் என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்குவதும், இயற்கை என்ற சொல்லைக் கண்டதும் மயங்குவதும் இரண்டும் பிழை. ஈயமும் பாதரசமும் இயற்கையில் கிடைப்பவையே, கற்பூரமும் அப்படியே. நெஞ்சுச் சளிக்கென்று சிசுவின் மேல் கற்பூரத் தைலம் தேய்த்து, அது உடலில் ஏறி வலிப்பு கண்ட குழந்தைகள் உண்டு. மஞ்சள் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. நிறம் கூட்டுவதற்காக ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள் நல்லதாகாது என்பதை மஞ்சள் வணிகம் அறிந்த இவ்வூருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மறுபுறம், குழந்தை எண்ணெய்கள் பலவற்றில் பெரும் பங்காக இருப்பது கனிம எண்ணெய் என்று கேட்டு மிரள வேண்டியதில்லை. அங்கே தரமும் சுத்திகரிப்புமே கேள்வி. 2012-ஆம் ஆண்டின் இறுதியில், மெருகுக்காகக் கனிம எண்ணெய் பூசியிருப்பதாகச் சொல்லிக் கொச்சியின் கிடங்குகளில் ஆறாயிரம் டன்னுக்கு மேற்பட்ட மிளகை முத்திரையிட்டு முடக்கினார்களே, அந்த நாள்களை உங்களில் மறந்தவர் யார்? உண்ணும் மிளகில் எது இருக்கலாகாது என்பதற்காக ஊரே கலங்கியது. பேச வாயில்லாத குழந்தையின் புட்டியில் எது இருக்கிறது என்பதற்காக ஒரு கடையாவது கலங்க வேண்டாமா?

நறுமணமே தூய்மை என்று வாங்குவோர் எண்ணுகிறார்கள். ஆனால் சிசுவின் சருமத்தில் ஒவ்வாமை கிளப்புவதில் வாசனைத் திரவியத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. மெதில்ஐசோதயசோலினோன் என்னும் பதனப் பொருளைக் கழுவாமல் விடும் கிரீம்களில் சேர்க்கலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடுத்திருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் டயப்பர் பகுதியில் பூசிவிடும் பொருள்களில் சில பாரபென்களையும் விலக்கியிருக்கிறது. டால்க் பவுடரைப் பற்றியோ, அதைச் சுவாசித்துக் குழந்தைகள் மூச்சுத் திணறக்கூடும் என்று வைத்தியர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வந்திருக்கிறார்கள். 2024-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டால்க்கை ‘மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்னும் வரிசையில் சேர்த்தது. ஆரோக்கியமான சிசுவுக்குப் பவுடரே அவசியமில்லை. பிறந்ததும் மேனியில் படிந்திருக்கும் வெண்மெழுகுப் படலத்தைத் தேய்த்து எடுக்காமல், முதல் நீராட்டை ஒரு நாள் தள்ளி வைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது; பிறகும் வெதுவெதுப்பான நீரும், வாசனை கலவாத மென்மையான ஒரு சோப்பும், வைத்தியர் ஒப்பிய ஓர் எண்ணெயும் போதும்.

இப்படிச் சொன்னால் எங்கள் வியாபாரம் என்னாவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நான் அதை மறைக்க விரும்பவில்லை. நான் வேண்டுவதை நீங்கள் செய்தால் சில பொருள்கள் விற்காது. சில வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். லாபம் அதிகமுள்ள சரக்கே முதலில் இறங்க வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் பாட்டனார் காலத்தில், கல் கலந்த சரக்கைத் திருப்பி அனுப்பிய வணிகருக்கே அடுத்த ஆண்டும் ஆர்டர் வந்தது என்பதை நீங்களே பெருமையோடு கூறக் கேட்டிருக்கிறேன். “இது குழந்தைக்கு வேண்டாம், அம்மா” என்று ஒரு முறை சொல்லும் கடைக்காரரை அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்கு விட்டுப் போகாது.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். உற்பத்தியாளர் பெயரும் முகவரியும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும், காலாவதித் தேதியும் இல்லாத கண்மை, சுர்மா, பவுடர், வெளுப்புக் கிரீம் எதையும் கடையில் வைக்காதீர்கள். மருந்துக் கடை வைத்திருப்பவர்கள், வைத்தியர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்பைச் சிசுவுக்கென்று கேட்பவர் யாராயினும் மறுத்து விடுங்கள். ஒரு பூதக்கண்ணாடியையும், தவிர்க்க வேண்டிய பொருள்களின் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு தாளையும் கல்லாவின் அருகே வைத்து, டப்பாவின் பொருட்பட்டியலை வாங்குகிறவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நான்கு ரூபாய்ப் பொருளாயினும் ரசீது கொடுங்கள். பழுது நேர்ந்தால் அந்தத் தொகுதியைத் தேடிப் பிடிக்க அதுவே வழி. ஐயம் தோன்றினால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தெரிவியுங்கள். வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைப் பரிசோதிக்கக் கொடுக்கலாம் என்று 1940-ஆம் ஆண்டின் அந்தச் சட்டமே வழி வைத்திருப்பதையும் தாய்மாருக்குச் சொல்லுங்கள்.

எப்போது தொடங்குவது என்று நாள் பார்க்க வேண்டாம். உங்களில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கடையைக் கழுவுகிறவர்கள் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு முன் கழுவுகிறவர்களும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன் வெள்ளையடிக்கிறவர்களும் உண்டு. அந்த நாளில் அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி வைப்பீர்கள் அல்லவா? துடைத்த பலகையில் திரும்ப ஏற்றுமுன், குழந்தைப் பொருள்கள் ஒவ்வொன்றையும் கையிலெடுத்துப் பின்புறம் திருப்பி, குத்தூசி போட்ட மிளகைப் பார்ப்பதுபோல் ஒரு முறை பாருங்கள். பெயரில்லாததை ஏற்றாதீர்கள். அன்று கீழேயே நின்றுவிடும் டப்பாக்கள் எத்தனையோ, அத்தனை சிசுக்களுக்கு நீங்கள் காவல் நின்றவர்கள் ஆவீர்கள்.

உங்கள் கடைகளில் இன்றும் நம்பிக்கையோடு வந்து நிற்கும்,
மட்டாஞ்சேரிப் பாட்டி ஒருத்தி